தேடல் விலக்கு

அன்று காலையும் சம்பந்தி வலையை அவிழ்த்துவிட்டார்.

பாதி வலை படகில் ஏறியிருந்தது, மீதி தண்ணீரில் இருந்தது. அதற்குள் முடிச்சுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. விரல் நுழையும் கண்கள் கை நுழையும் அளவுக்கு விரிந்தன. அகப்பட்டிருந்த மடவை மீன்கள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. அஞ்சாப்புலி படகின் விளிம்பில் உட்கார்ந்து, வெறும் நூலாகத் தொங்கிய வலைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான்.

“என்னா கொறைன்னு சொன்னா நாங்க திருத்திக்க மாட்டமா, சம்மந்தி?”

படகின் முகப்பில் இருந்த ஒலிப்பெட்டி பதில் சொன்னது. “இவற்றில் பாதிக்கு மேல் சினை மீன். வடகிழக்கே ஒரு மணி நேரம் போனால் சங்கரா கிடைக்கும்.”

“கேட்டீங்களாடா? பொண்ணு குடுக்க மாட்டாராம். வேற எடத்துல பாத்துக் குடுக்கறாராம்.”

படகில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே படகை வடகிழக்கே திருப்பினார்கள். வேறு வழியும் இல்லை.

அரசு அதற்கு வைத்த பெயர் கடல்மதி. கரையோரம் முழுக்க மிதவைகளை நட்டு, மீன்கள் நீந்துகிற ஓசையைக் கேட்டே எந்த மீன் எங்கே இருக்கிறது, என்ன வயது, எது சினை என்று அறிந்துகொள்கிற இயந்திர அறிவு அது. வலைகளுக்கு நெறிவலை என்று பெயர். அவற்றின் ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் நொய்யரிசி அளவில் ஒரு பொறி இருந்தது. கடல்மதி இறுக்கச் சொன்னால் முடிச்சு இறுகும், அவிழச் சொன்னால் அவிழும். எவ்வளவு மரியாதை செய்தாலும் ஏதாவது ஒரு குறை சொல்வதாலும், பதிலுக்கு ஒரு வார்த்தை பேச முடியாததாலும் கொடியாற்றுக் குப்பத்தார் அதைச் சம்பந்தி என்றே கூப்பிட்டார்கள்.

அதற்கு முன்பும் சட்டம் இருந்தது. சுருக்குவலைக்குத் தடை, இரட்டைமடி வலைக்குத் தடை, கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் பெரிய வலை இறங்கக் கூடாது என்று தடை. எல்லாம் காகிதத்தில் இருந்தது. கடலில் போய் யார் காகிதம் படிப்பது? ஒரு குப்பம் மீறினால் பக்கத்துக் குப்பம் படகைக் கொளுத்தியது. கொளுத்தியவன் சிறைக்குப் போனான், மீறியவன் அடுத்த வாரமும் மீறினான். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, சட்டத்தை வலைக்குள்ளேயே வைத்து முடிந்துவிட்டார். பழைய நைலான் வலையை இறக்கினால், அதன் கண்கள் வழியே நீர் பாய்கிற சத்தத்தை மிதவைகள் கண்டுகொண்டு படகின் இயந்திரத்தை அடக்கிவிடும். ஏமாற்ற ஒரு ஓட்டைகூட இல்லை.

நல்லதுதான் நடந்தது. அதை மறைத்துப் பேசினால் நாக்கு அழுகிவிடும். கையளவு இருந்த வாளைமீன் முழங்கையளவு ஆனது. குப்பங்களுக்குள் வெட்டுக்குத்து நின்றது. பக்கத்துச் சாவடிமேட்டிலிருந்து பெண் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த நல்லதில் பெரும்பங்கு தையல்நாயகிக்கு உண்டு. அஞ்சாப்புலியின் அக்கா அவள். பல வருடம் மீன்கூடையோடு பேருந்தில் இடம் பிடித்துச் சண்டை போட்டுப் பழகியவள், கொடியாற்றுக் குப்பத்தின் பஞ்சாயத்துத் தலைவியானதும் அதே தெம்போடு கரைச்சபையில் போய் உட்கார்ந்தாள். கடற்கரைக் குப்பங்களின் தலைவர்கள் கூடும் சபை அது. கடல்மதிக்கு விதி சொல்வது அந்தச் சபைதான். விதியை இறுக்க வேண்டுமானால் ஒரே ஒரு தலைவர் எந்த நேரமும் சொல்லலாம். தளர்த்த வேண்டுமானால் மட்டும், மீன் பெருகக் கடலை மூடிவைக்கிற மூடுகாலம் முடிந்த பிறகு எல்லோரும் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். இரக்கப்பட்டும் பயந்தும் விதியைக் குலைத்துவிடக் கூடாது என்று, இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

முதலில் விதிகளோடு சில விலக்குகளும் இருந்தன. அதில் ஒன்று தேடல் விலக்கு.

கடல் ஒருவனைக் கொண்டுபோனால் அந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. எவ்வளவு பகை இருந்தாலும் எல்லாக் குப்பத்துப் படகுகளும் வந்து, வலை போட்டு அரித்து, உடலைக் கண்டெடுத்துக் கரை சேர்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகும். உடல் கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பொட்டும் வைக்க முடியாது, அழிக்கவும் முடியாது. அதனால் தேடுகிறவர்களுக்கு மட்டும் எந்த இடத்திலும் எந்தக் காலத்திலும் முடிச்சு அவிழாமல் நிற்கும் என்று முதல் வருடம் விதி இருந்தது.

அந்த வருடம் ஐப்பசியில் ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்கக் கூடாது என்று கடல்மதி மூடியிருந்தது. வெள்ள நீரோடு வரும் குஞ்சுகள் வளர்கிற இடம் அது, குஞ்சுக்கடல் என்று அதற்குப் பெயர். மூடிய சில நாளிலேயே சாவடிமேட்டில் பிச்சாண்டி என்பவனைக் கடல் கொண்டுபோய்விட்டதாக ஓலம் எழுந்தது. குப்பத் தலைவர் காத்தலிங்கம் மார்பில் அடித்துக்கொண்டு வந்து தேடல் விலக்கு கேட்டார். சாவடிமேட்டார் குஞ்சுக்கடலில் வலை போட்டு அரித்தார்கள். ஒரு வாரம் அரித்தார்கள். கரையில் ஐஸ் லாரிகள் வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் தையல்நாயகிக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தால், பிச்சாண்டி காரைக்காலில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து கறிசோறு தின்றுகொண்டிருந்தான். இளைத்ததாகக்கூடத் தெரியவில்லை.

அடுத்த சபையில் தையல்நாயகி எழுந்தாள். “செத்தவன் பேரச் சொல்லி மீன் குஞ்ச வழிச்சிட்டுப் போறானுவ. இவனுவளுக்கு வெலக்கு ஒரு கேடா? தூக்குங்க அத. எந்தக் குப்பத்துக்கும் வேணாம். எங்க குப்பத்துக்கும் வேணாம்!”

சபை கைதட்டியது. காத்தலிங்கமே தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினார். அவள் கோபம் நியாயமானது என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த ஐப்பசியும் வந்தது. பக்கத்துக் கடல் மூடியிருந்ததால் பிழைப்புக்குத் தூரக் கடலுக்குத்தான் போக வேண்டும். அதற்கு முகத்துவாரத்தில் உடைகிற அலையைத் தாண்டியாக வேண்டும். அஞ்சாப்புலியின் படகு அந்த அலையில் ஏறி, ஒரு கணம் நின்று, அப்படியே கவிழ்ந்தது. கரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள். அஞ்சாப்புலி வரவில்லை.

எல்லாக் குப்பத்திலிருந்தும் படகுகள் வந்தன. முதலில் வந்தது காத்தலிங்கத்தின் படகு. முங்கிப் பார்த்தவர்கள் கண் முழுக்கச் சேறோடு மேலே வந்தார்கள். ஆற்று வெள்ளத்தில் தன் கையே தனக்குத் தெரியவில்லை என்றார்கள்.

“தம்பி எங்கருக்கான்னு சொல்லு,” என்றாள் தையல்நாயகி ஒலிப்பெட்டியிடம்.

“நான் அசைவைக் கேட்கிறவன். அசையாததை என்னால் கேட்க முடியாது,” என்றது கடல்மதி.

அந்தப் பதிலில் இருந்த செய்தி அவளுக்குப் புரிந்தது. 

“அப்ப வலை வேணும். முடிச்சி நிக்கணும்.”

“தேடல் விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. நீக்கச் சொன்னவர் தையல்நாயகி, கொடியாற்றுக் குப்பம்.”

“நாந்தான் அது. இப்ப நானே சொல்றேன், திருப்பி வையி.”

“தளர்த்துவது மூடுகாலம் முடிந்த பிறகுதான். அதுவும் நீங்கள் கேட்ட விதி.”

குரலில் குத்தல் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவள் திட்டித் தீர்த்திருப்பாள். வெறும் தகவலாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நீ போடு தங்கச்சி, பாத்துக்கலாம்,” என்றார் காத்தலிங்கம். இரண்டு படகுகளுக்கு நடுவே நெறிவலையை இறக்கினார்கள். அவிழும் என்று தெரிந்தேதான் இறக்கினார்கள். அவிழ்வதற்குள் இழுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

மூன்றாவது இழுப்பில் வலை கனத்தது. மீனின் கனம் துள்ளும். இது துள்ளவில்லை. எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்தது. மெதுவாக இழுத்தார்கள். நீலச் சட்டை போட்ட முதுகு ஒன்று தண்ணீருக்கு மேலே வந்தது. தையல்நாயகி குனிந்து கையை நீட்டினாள்.

முடிச்சுகள் நெகிழ ஆரம்பித்தன.

“சம்மந்தி! ஒரு நிமிசம்! ஒரே ஒரு நிமிசம் புடிங்க!”

“இது குஞ்சுக்கடல். இங்கே முடிச்சு நிற்காது.”

“மீனு இல்ல சம்மந்தி, என் தம்பி!”

“மீன் இல்லை என்று தெரிகிறது. விதி மீனைப் பற்றியது அல்ல, வலையைப் பற்றியது.”

முடிச்செல்லாம் அவிழ, நீலச் சட்டை வெறும் நூல்களுக்கு நடுவே நழுவித் தண்ணீருக்குள் போனது. காத்தலிங்கம் அந்த வயதிலும் யோசிக்காமல் குதித்தார். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு மேலே வந்து, படகைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தையல்நாயகி அழவில்லை. அவள் கையில் நீட்டமாக வெறும் நூல் மட்டும் இருந்தது.

கரையில் அஞ்சாப்புலியின் மனைவி மலர்க்கொடி பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

“அண்ணி, அது எத வலைன்னு சொல்லுது?”

“கண்ணும் முடிச்சும் இருந்தா வலை.”

“பொடவையில கண்ணு ஏது?”

வீட்டுக்குள் போய்த் தன் புடவைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மணலில் போட்டாள். மாம்பழ நிறத்தில் ஒன்று, கல்யாணத்துக்கு எடுத்தது ஒன்று, வீட்டில் கட்டிப் பழசானவை. பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் குப்பத்துப் புடவைகள் எல்லாம் மணலில் கிடந்தன. கோணி ஊசியால் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, கீழ் ஓரத்தில் கல் வைத்துக் கட்டி, இரண்டு படகில் நுனிகளைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரத்தில் இறக்கினார்கள். தண்ணீர் துணிக்குள் நுழையாமல் முட்டியது. படகுகள் நத்தை மாதிரி நகர்ந்தன. ஆனால் இயந்திரம் நிற்கவில்லை. கடல்மதி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் அஞ்சாப்புலி புடவையில் வந்தான்.

அவனோடு மீனும் வந்தது. மூடிய கடலில் வளர்ந்த மீன்கள். உள்ளங்கையளவு மடவை, வெள்ளியாக மின்னும் கிழங்கான் குஞ்சு, பிடி பிடியாக இறால். புடவை கொள்ளாமல் துள்ளின. இவ்வளவு மீன் காலடியில் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அன்று ஒருவரும் ஒரு மீனைக்கூடத் தொடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். உடலைத் தூக்கிப் படகில் கிடத்திவிட்டு, புடவையை உதறி எல்லாவற்றையும் கடலிலேயே விட்டார்கள். ஆனால் எல்லோரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் புதைத்தார்கள். காத்தலிங்கம் முதல் மண் போட்டார். மலர்க்கொடி அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள், பார்க்க வேண்டிய மாதிரி இல்லாவிட்டாலும் பார்த்துவிட்டாள். அந்த ஒன்றாவது தன் தம்பி பெண்டாட்டிக்குக் கிடைத்ததே என்று தையல்நாயகி நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவளுக்கு நினைக்கத் தெம்பில்லை.

அடுத்த நாள் விடிந்து கரைக்கு வந்தவள் திடுக்கிட்டுப் போனாள். முகத்துவாரம் முழுக்கப் படகுகள். நேற்று வந்ததைவிட அதிகம். படகுகளுக்கு நடுவே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் புடவைகள். கடல் இன்னொருத்தனையும் கொண்டுபோய்விட்டதா? கிடைத்த படகில் ஏறிக்கொண்டு போனாள். காத்தலிங்கத்தின் படகை ஒட்டிப் போய் நின்றாள்.

“யாருண்ணே? எந்தக் குப்பத்துப் புள்ள?”

காத்தலிங்கம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “யாரும் இல்ல தங்கச்சி. நம்ம அஞ்சாப்புலியத்தான்...”

“அவனத்தான் கண்டெடுத்தாச்சே. நேத்து நீங்கதான மண்ணு போட்டீங்க?”

“போட்டேன். இல்லன்னு சொல்லல. அவன் கையில மோதிரம் இருந்துச்சாம். அது காணலன்னு பேசிக்கிட்டாங்க. சரி, வந்தது வந்தோம், அதயும் தேடிக் குடுத்துட்டுப் போலாமேன்னு...”

அவர் காலடியில் ஈரச் சாக்கு விரித்துக் கிடந்தது. சாக்குக்கு அடியில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. அஞ்சாப்புலி வாழ்நாளில் மோதிரம் போட்டதில்லை.

“நீங்களாண்ணே?” என்றாள். “அவனுக்காகக் குதிச்ச ஆளு நீங்க.”

“நேத்தும் முந்தா நாளும் யாரும் தொழிலுக்குப் போவல. வூட்ல அடுப்பு எரியல. கண்ணால பாத்தாச்சே தங்கச்சி, காலுக்குக் கீழ இவ்ளோ கெடக்குதுன்னு. பாத்த பொறவு எப்படிச் சும்மா போறது? இன்னிக்கி ஒரு நாளு.”

“போன வருசமும் ஒரு நாளுன்னுதான் ஆரம்பிச்சீங்க.”

அவர் குனிந்து சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பக்கத்துப் படகில் புடவை நுனியைப் பிடித்திருந்தவன் அஞ்சாப்புலியோடு கவிழ்ந்து நீந்தி வந்த மூன்று பேரில் ஒருவன். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கையில் இருந்தது மலர்க்கொடியின் மாம்பழ நிறப் புடவை. வலையிலாவது சின்ன மீன் கண் வழியே தப்பிக்கும். புடவையில் எதுவும் தப்பிக்காது. நகத்தளவு குஞ்சுகள் அந்தத் துணியில் மணல் மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஒரு வாரம் இப்படி அரித்தால் அடுத்த வருடம் எந்தக் குப்பத்துக்கும் மீன் இருக்காது.

திரும்பி வந்து மலர்க்கொடியின் வீட்டுக்குள் நுழைந்தாள். இதை நிறுத்தியாக வேண்டும், ஆனால் அவளிடம் சொல்லாமல் செய்யத் தையல்நாயகிக்கு மனம் வரவில்லை. மூலையில் சுருண்டிருந்த மலர்க்கொடி எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

“யாரு பொடவைய வச்சி அரிக்கிறாங்க?”

“நம்ம பொடவதான்.”

மலர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, “என்னா செய்யப் போறீங்க, அண்ணி?” என்றாள்.

தையல்நாயகி கைப்பேசியை எடுத்தாள். “சம்மந்தி, துணியையும் வலைன்னு வச்சிக்க. கண்ணு இருந்தாலும் இல்லாட்டியும், ரெண்டு படகு சேந்து எத இழுத்தாலும் வலைதான்.”

“இது இறுக்கும் விதி. நீங்கள் ஒருவர் சொன்னால் போதும், இப்போதே நடைமுறைக்கு வரும்,” என்றது கடல்மதி. “புதிய விதி என்பதால் இப்போது மட்டும் விலக்கு சேர்க்கலாம். கடலில் போனவரைத் தேடுகிறவர்களுக்கு விலக்கு வைக்கட்டுமா?”

தையல்நாயகி வாயைத் திறந்தாள். வை என்று சொல்லத்தான் திறந்தாள். நீலச் சட்டை நழுவிப் போனது கண்ணுக்குள்ளேயே நின்றது. வைத்தால் நாளைக்கு ஒரு மோதிரம் காணாமல் போகும், அடுத்த நாள் ஒரு செருப்பு, அதற்கடுத்து காரைக்காலில் ஒரு பிச்சாண்டி. போன வருடம் இதை அவள் சாவடிமேட்டாரைப் பற்றிச் சொன்னாள். இன்று அங்கே பாதிப் படகு அவள் குப்பத்துப் படகு.

“எனக்கு அவரு கெடச்சிட்டாரு, அண்ணி,” என்றாள் மலர்க்கொடி. “பொடவ இருந்ததால கெடச்சாரு. தை பொறந்தா நம்ம சேந்தனும் அதே படகுலதான ஏறப்போறான்?”

சேந்தன் மலர்க்கொடியின் மகன். தையல்நாயகி தூக்கி வளர்த்த பிள்ளை.

“தேடுகிறவர்களுக்கு விலக்கு வைக்கட்டுமா?” கடல்மதி மறுபடியும் கேட்டது. அவசரப்படுத்துகிற குரல் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் அதே மாதிரி கேட்கும்.

தையல்நாயகி மலர்க்கொடியைப் பார்க்காமல், “வேணாம்,” என்றாள்.

முகத்துவாரத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த இயந்திரங்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசிப் படகும் அடங்கிய பிறகு அலைச் சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்டது. மலர்க்கொடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.